இரண்டாவது காந்தாரம்

காலை ஆறரை மணிக்கு, மனுஷன் பல் தேய்த்துக் காப்பி குடிப்பதற்குள், இது என்ன ராகம் சொல் என்று கேட்டால் அவன் என்னதான் செய்வான்? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வருடமாக இந்த அநியாயம் நடக்கிறது. நானும் நான்கு வருடமாகத் திட்டிக்கொண்டே பதில் போடுகிறேன்.

குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் மதுரைக்காரர்கள். கர்நாடக சங்கீதம் கேட்கிற பைத்தியத்தைத் தவிர எங்களுக்குள் வேறு பொருத்தம் கிடையாது. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். "அன்பர்களே" என்று தொடங்காமல் அவருக்கு ஒரு வரி எழுத வராது. சிவன் கோயில் குருக்கள் ஒருவர் இருக்கிறார். நான் எது சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வதை அவர் ஒரு நித்திய பூஜையாகவே செய்துவருகிறார். நான் காளவாசல் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் புதுச் செப்புக் கம்பி சுற்றி ஓடவிடுவது தொழில். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் சங்கீதத்துக்கும் வந்தேன்.

எங்கள் புதிருக்குச் சட்டதிட்டம் உண்டு. தினம் ஒருவர் முறை, யாருக்கு எந்த நாள் என்பதைச் சுற்றுக்குச் சுற்று பேராசிரியர் ரகசியமாகக் குலுக்கி மாற்றுவார். வழக்கமாக வானொலியில் பிடித்த பதினைந்து நொடி ஆலாபனைத் துண்டு ஒன்றைப் பேராசிரியருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். யார் அனுப்பியது, யார் பாடியது என்று சொல்லாமல் அவர் குழுவில் போடுவார். மற்ற ஏழு பேரும் பத்து மணிக்குள் ராகத்தின் பெயரையும் ஒரு வரியில் காரணத்தையும் எழுதியாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு விடை வரும், அனுப்பியவர் பெயரும் வரும். தப்பாகச் சொன்னவர்களுக்குத் தண்டனை, அந்த வாரம் வானொலியில் வரும் ஒரு காலைக் கச்சேரியை உட்கார்ந்து கேட்டு விமர்சனம் எழுதுவது.

இந்தத் தண்டனையில்தான் எங்கள் லட்சணமெல்லாம் வெளியே வரும். தண்டனையே இல்லாத பேராசிரியரும் ஆசைப்பட்டு எழுதுவார், எழுதினால் மிருதங்கத்தின் தோல் எப்படி அதிர்கிறது என்பதிலேயே நான்கு பத்தி போய்விடும், பாடினவர் ஐந்தாவது பத்தியில்தான் வாயைத் திறப்பார். குருக்கள் "திவ்யம்" என்று ஒரு வார்த்தை எழுதுவார். இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் சாமி என்றால் "பரம திவ்யம்" என்பார். என் விமர்சனம் மட்டும் மிளகாய்ப் பொடி. கச்சேரி சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

குழுவில் எனக்கு உயிர்ச் சிநேகிதன் ஒருவன் உண்டு. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வீடு வில்லாபுரம். பன்னிரண்டு வருடம் முன்னால் செக்கானூரணியில் ஒரு தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போகும்போது அவன் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஏதோ முனகினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணியில சுத்த மத்யமம் எங்கருந்துண்ணே வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே செக்கானூரணி வரை என்னோடு சண்டை போட்டான். நான் இறங்கும்போது ஜன்னல் வழியாக, "அது கல்யாணின்னு உனக்கு யாரு சொன்னது மாப்ள, நான் பாடுனது சங்கராபரணம்" என்று கத்தினான். அந்த ஒரு மத்யமம்தான் இரண்டு ராகத்துக்கும் வித்தியாசம். அண்ணே என்று ஏறினவன் மாப்ளயாக இறங்கினேன்.

அன்றிலிருந்து ஒரு தொல்லை பிடித்துக்கொண்டது. வானொலியில் கச்சேரி முடிந்து, அறிவிப்பாளர் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் போன் அடிக்கும். ஹலோ கிடையாது. "கேட்டியா?" என்பான். பஸ்ஸில் இருந்தாலும் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டிருப்பான். நான் நன்றாக இருந்தது என்றால் அவன் குப்பை என்பான். நான் குப்பை என்றால் என் காதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைக்கச் சொல்வான். கடையில் வாடிக்கையாளர் மோட்டாரோடு நிற்பார், நான் தைவதத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். எத்தனை தடவை எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவையும் விட்டதில்லை.

இந்த வருடம் பங்குனி வாக்கில் அவன் குரல் கம்மியது. சளி என்று மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் குடித்தான். இரண்டு மாதமாகியும் சரியாகாமல் பெரிய டாக்டரிடம் போனான். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. எத்தனை வருடம் "செக்கானூரணி, உசிலம்பட்டி" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பான், வராமல் என்ன செய்யும். நல்லவேளை, கெட்ட கட்டி இல்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குரல் பழையபடி வருமா என்று அவன் எழுதிக் கேட்டதற்கு, பேச்சு வந்துவிடும், பாட்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. அதற்கப்புறம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நான் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினான். என்னால் சகிக்க முடியவில்லை. நான் சொல்வதை அவன் ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமே இல்லை. வேலை இருக்கிறது, வாரேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு நாள் காலையில் அந்தத் துண்டு வந்தது. பின்னால் தம்புரா. ஒரு ஆண் குரல், காற்று அடைத்த மாதிரி. மேலே இருந்து மெதுவாக இறங்கி ஷட்ஜத்தில் வந்து நின்றது. அம்புட்டுதான். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தர்பார், நாயகி என்று இரண்டு ராகங்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி அச்சு அசலாக இருக்கும். ஸ்வரங்களும் ஒன்றுதான். இறங்கி வரும்போது காந்தாரம் என்கிற ஸ்வரத்தில்தான் ஆளை அடையாளம் பிடிக்க முடியும். தர்பார் என்றால் அந்தக் காந்தாரத்தை ஒரு தடவை தொட்டு, உடனே இரண்டாவது தடவையும் அழுத்திவிட்டு இறங்க வேண்டும். நாயகியில் அந்த இரண்டாவது அழுத்தம் கிடையாது, ஒரு தடவை மெல்ல அசைந்து இறங்கிவிடும். அன்றைய துண்டில் ஒரு காந்தாரம்தான் கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்காமல் எழுதினேன். "நாயகி. இரண்டாவது காந்தாரம் இல்லை. பாடியவருக்கு மூச்சும் இல்லை. இவரை ரேடியோவில் பாடத் தேர்ந்தெடுத்தவருக்குக் காதும் இல்லை."

குழுவில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. பேராசிரியர்கூட, "அன்பர் இன்று காலையிலேயே சூடாக இருக்கிறார்" என்று போட்டார். இன்னும் ஐந்து பேர் நாயகி என்றார்கள். குருக்கள் ஒருவர் மட்டும் தர்பார் என்றார்.

மாலை ஆறு மணிக்கு விடை வந்தது. தர்பார். அனுப்பியவர், நம் கண்டக்டர்.

எனக்கு வந்ததே கோபம். எந்த ஊர் தர்பார் இது? எந்த ரேடியோவில் எவன் பாடியது? குழுவில் நாலைந்து கேள்வி போட்டேன், கண்டக்டர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். போதாததற்கு ஆறு பேருக்கும் தண்டனை. குருக்களைத் தனியாக அழைத்து, எப்படிச் சாமி கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க நாயகின்னு போட்டேள். அதனால நான் தர்பார்னு போட்டேன்" என்றார். "கேக்கவே இல்லை ஓய். அப்போ அபிஷேகத்துக்கு நாழியாயிடுத்து."

கடையைச் சாத்திவிட்டு வண்டியை நேரே வில்லாபுரத்துக்கு விட்டேன். பழங்காநத்தத்து நெரிசலில் நின்ற நேரமெல்லாம் அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி. "வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்றாள். உள்ளே அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். பக்கத்தில் பஸ்ஸின் பழைய ட்ரிப் ஷீட் கட்டு, அதன் மேல் ஒரு பேனா.

"ஏன் மாப்ள, அது தர்பாரா?" என்று நான் நின்றபடியே ஆரம்பித்தேன். "எந்தக் கிறுக்கன் பாடுனது அது? அவனக் கொண்டாந்து எம்முன்னாடி நிறுத்து, ரெண்டு காந்தாரத்தையும் எண்ணிக் காட்டச் சொல்லு."

அவன் ட்ரிப் ஷீட் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுதி நீட்டினான். "பாடுனது நான்தான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம், வாரத்துக்கு நாலு நாள், இந்தக் குரல் என் காதில் ஏறிக் கத்தியிருக்கிறது. எரிந்த மோட்டாரைச் சத்தத்திலேயே பிடிக்கிற எனக்கு அது இவன் குரல் என்று தெரியவில்லை. காலையில் எழுதின ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா" என்றேன்.

அவன் எழுதினான். "சொன்னா எல்லாரும் கும்பிடு பொம்மை போடுவீங்க. அருமை, பிரமாதம்னு. புதிர்ல மட்டும்தான் பொய் சொல்ல மாட்டீங்க."

"ஆமா, மூச்சில்லைன்னு எழுதிட்டேன்."

"அது சரிதான்" என்று எழுதினான். பிறகு கீழே, "முதல் காந்தாரம் வருது. ரெண்டாவதுக்குள்ள காத்து தீந்துபோகுது."

அவன் மனைவி காப்பியோடு வந்தாள். வந்தவள் தன் பங்குக்கு என்னிடம் கொட்டிவிட்டாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பத்து நிமிசந்தான் பேசணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்தப் பத்து நிமிசத்துல எங்கிட்ட சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்குறதில்ல. விடியக்காலையில குளியலறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அம்புட்டையும் பாடியே தீத்துட்டு வந்துடுறாரு. அப்புறம் நாளு பூரா எனக்கு இந்தச் சீட்டுதான்."

அவன் அவளைப் பார்த்து முறைத்தான். அவளும் முறைத்தாள்.

"வேலைக்கு என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"வேலைக்கு விசில் போதும்" என்று எழுதினான். பேனாவை வைக்கப் போனவன் மறுபடி எடுத்து எழுதினான். "இது இல்லாம என்னால முடியாது மாப்ள."

அதைப் படித்துவிட்டுக் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போடவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

கிளம்பும்போது இன்னொரு சீட்டைக் கொடுத்தான். அவன் முறை ஒன்பது நாளுக்கு ஒரு தடவை வரும், ஆனால் உடனே அனுப்பப் போவதில்லை, ஒரு மாதம் பழகிவிட்டு இதே துண்டை மறுபடி பாடி அனுப்புவான், குழுவில் யாருக்கும் சொல்லக் கூடாது, நான் காதில் விழுந்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி வரி, "ஒருத்தருக்காவது தர்பார்னு கேட்டுச்சே, குருக்களுக்கு நன்றி சொல்லு." அந்த ஒருத்தர் துண்டையே கேட்கவில்லை என்று நான் அவனிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

தண்டனை விமர்சனத்தை எழுதி முடித்தேன். ஒரு காலைக் கச்சேரி. பாடிய அம்மாளுக்கு மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் கம்மியது. பழைய ஆளாக இருந்தால் அதை வைத்தே பத்து வரி எழுதியிருப்பேன். இந்தத் தடவை பேனா ஓடவில்லை. "நன்று" என்று எழுதி அனுப்பினேன். உடம்பு சரியில்லையா என்று பேராசிரியர் கேட்டார். குருக்கள், அந்தக் கச்சேரி படு மோசம் என்று எழுதினார்.

அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் வானொலி பாடும். கச்சேரி முடியும். அறிவிப்பாளர் வயலின், மிருதங்கம், கடம் என்று சொல்லிக்கொண்டு வருவார். நான் கையில் செப்புக் கம்பியோடு போனைப் பார்ப்பேன். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன், அடிக்காத போனைப் பார்த்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நானே அவனைக் கூப்பிட்டு, நான் மட்டும் அஞ்சு நிமிடம் பேசிப் பார்த்தேன். மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரியாக ஒரு மாதம். அந்தத் துண்டு வந்தது. நாளைக்கு என் முறை என்று முந்தின ராத்திரியே அவன் மெசேஜ் போட்டிருந்ததால், எனக்குத் தெரியும் இது யார் என்று. வேண்டுமென்றே உடனே கேட்கவில்லை. கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, வார்னிஷ் காய்கிற பின்கட்டுக்குப் போய், காளவாசல் லாரிச் சத்தம் கேட்காத மூலையில் நின்று போனைக் காதில் வைத்தேன்.

குரல் தேறியிருந்தது. அடைப்பு குறைந்து, அடியில் பழைய ஆள் தெரிந்தான். இறங்கினான். முதல் காந்தாரம் தெளிவாக வந்தது. அதற்கப்புறம் ஒரு சின்ன இடம். அங்கே ஏதோ இருந்தது. ஸ்வரமா, வெறும் மூச்சா? மறுபடி கேட்டேன். பதினொரு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது தடவை கேட்டால் ஆசையே காதாகிவிடும் என்று நிறுத்தினேன்.

குழுவைத் திறந்தால் ஆறு பேர் பதில் போட்டிருந்தார்கள். மூன்று பேர் தர்பார், மூன்று பேர் நாயகி. ஆறுக்கு ஒன்று என்றிருந்தது சரிக்குச் சரியாக வந்திருக்கிறது. குருக்கள் மட்டும் நான் எழுதும்வரை காத்திருக்காமல் முந்திக்கொண்டு தர்பார் என்று போட்டு, "இரண்டாவது காந்தாரம் லேசாகக் கேட்கிறது" என்று காரணமும் எழுதியிருந்தார். மனுஷன் இந்தத் தடவை நிஜமாகவே கேட்டிருக்கிறார். மிச்சம் நான் ஒருவன்தான். நான் தர்பார் என்று போட்டால் நாலு பேர். வில்லாபுரத்தில் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

மணி ஒன்பதே முக்கால். தர்பார் என்று அடித்தேன். அழித்தேன். ஒரு வார்த்தைதானே, போட்டுத் தொலைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டேன். அவனுக்குத்தான் நஷ்டம். அவன் கேட்டது என் அன்பை இல்லை, என் காதை. அழித்த இடத்தில் எழுதினேன். "நாயகி. இரண்டாவது காந்தாரம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் உள்ளே வரவில்லை."

அனுப்பிவிட்டுப் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். அரை நிமிடம் ஆகியிருக்காது, அடித்தது.

"கேட்டியா?"

கரகரப்பு. ஆனால் அதே ஆள்.

"கேட்டேன்" என்றேன்.

"என்னத்தக் கேட்ட? கோயில்ல மணியடிக்கிற மனுசனுக்குக் கேக்குது, மோட்டார் சுத்துற உனக்குக் கேக்கலையா? உங்காத முதல்ல பிரிச்சு ரீவைண்டிங் பண்ணு. போன் ஸ்பீக்கர்ல கேட்டிருப்ப."

"காதுல வச்சுத்தான்டா கேட்டேன். பதினோரு தடவ கேட்டேன். ரெண்டாவது வரல."

"வரலையா? இந்தா கேளு" என்று சொல்லிவிட்டுப் போனிலேயே பாடினான். கோபத்தில் தம்புராவும் கிடையாது, சுருதியும் கிடையாது. இறங்கினான். முதல் காந்தாரம். அடுத்தது, இரண்டாவது, ஆணி அடித்த மாதிரி விழுந்தது.

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இப்ப என்ன சொல்ற?"

"இது தர்பார்" என்றேன். "ஆனா காலையில அனுப்புனது இது இல்ல. அது நாயகி."

"அதுவும் தர்பார்தான்டா, செவிட்டுப் பயலே."

"நாயகி."

அவன் திட்டினான், நானும் திட்டினேன். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வைத்துத் திட்டினான். வாசலில் ஒருவர் ஏதோ மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். நடுவில் பேச்சு சட்டென்று நின்றுபோய், அவன் மனைவியின் குரல் வந்தது.

"போனப் புடுங்கிட்டேண்ணே. பத்து நிமிசம் ஆயிருச்சு."

"சரிம்மா. நல்லாப் பேசுறான்."

"பேசுறாரு. இன்னைக்கிக் குளியலறைப் பாட்டும் இல்ல, அம்புட்டு நிமிசத்தையும் உங்களத் திட்டியே தீத்துட்டாரு. எனக்கு இன்னைக்கும் சீட்டுதாண்ணே."

அவள் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது சுருக்கென்று பட்டது. அவன் குரலுக்காக நான் காத்திருந்தேன், குழு காத்திருந்தது, அந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தி காத்திருந்தது அவனுக்கும் எனக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலைக் கச்சேரி முடிந்தது. அறிவிப்பாளர் மிருதங்கக்காரர் பெயரைப் பாதி சொல்லும்போதே போன் அடித்தது.

"கேட்டியா?"

"கேட்டேன். நீ முதல்ல வீட்டுல அஞ்சு நிமிசம் பேசிட்டு வா. அப்புறம் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறு நிமிடம் கழித்து மறுபடி அடித்தது.